கடலடி மணல் கரைக்கே சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்லம் கடலில் மணல் எடுக்கும் திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மீனவர் தரப்பையும் கட்டுமானத் தொழில் தரப்பையும் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நன்றி. ஆனால் நடுவே ஒரு செய்தி போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்தது. ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டுவதால் கடலடி மணல் அள்ள அள்ளக் குறையாது, தோண்டிய பள்ளத்தை அலையே நிரப்பிவிடும் என்று. இது தவறு. ஆதரிப்பவர்கள் வாதம் முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். எண்பதுகளில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது தென்கேரளக் கடலடியிலிருந்து எடுத்த மண்ணைச் சல்லடையில் சலித்து, நுண்ணோக்கியில் மணி மணியாகப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த மணலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எளிய கேள்வி. இன்றைய ஆறு கடலுக்குள், இந்த மணல் கிடக்கும் முப்பது மீட்டர் போன்ற ஆழம்வரை மணலைக் கொண்டுபோக முடியுமா? கல்லடை ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நேரே கடலில் விழுவதில்லை. கடலை ஒட்டிய உப்பங்கழியான அஷ்டமுடிக் காயலில் விழுகிறது. காயல் நீண்டகரையில் கடலைத் தொடுகிறது. காயலுக்குள் நுழைந்ததும் ஓட்டம் தளர்ந்து, கனமான மணல் அங்கேயே அடங்கிவிடும். நுண்ணிய சேறு மட்டும் கலங்கலாகக் கடலுக்குப் போகும். வேம்பநாட்டுக் காயலில் விழும் பம்பை, மணிமலை, மீனச்சில் ஆறுகளின் கதையும் இதுதான். போதாததற்கு மேலே அணைகள். இடையில் ஆற்று மணலையும் நாமே அள்ளிவிட்டோம். எங்கள் குழித்துறை ஆறும் அப்படித்தான். தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் மழைக்காலத்தில் நின்று பார்த்தால் செந்நிறக் கலங்கல் நீர் கடலுக்குள் போவது தெரியும். அந்தக் கலங்கல் சேறுதான், மணல் அல்ல. ஆகவே ஆறுதான் கடலடியை இன்றும் நிரப்புகிறது என்றால், முப்பது மீட்டர் ஆழத்தில் நமக்குக் கிடைக்க வேண்டியது சேறு. கிடைப்பதோ கட்டடம் கட்டத் தகுந்த மணல். அப்படியானால் அதை அங்கே வைத்தது யார்?

இந்தக் கேள்வி உலகம் முழுவதும் கேட்கப்பட்டதுதான். கரைக்குப் பக்கத்தில் பருமணல், போகப் போகப் பொடிமணல், அதற்கும் அப்பால் சேறு என்று படிவுகள் ஒழுங்காக அமைந்திருக்கும் என்றே முன்பு பாடம் நடத்தினார்கள். அமெரிக்க நிலவியலாளர் பிரான்சிஸ் ஷெப்பர்டு 1932-இல் கப்பல் வரைபடங்களில் மாலுமிகள் குறித்துவைத்த தரைக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார். அந்த ஒழுங்கு கடலில் இல்லை. சேற்றுக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கூழாங்கல் என்றெல்லாம் மாறி மாறிக் கிடந்தது. பிறகு 1968-இல் கே. ஓ. எமெரி, உலகக் கண்டத்திட்டுப் பரப்பில் (நிலத்தை ஒட்டிக் கடலுக்கடியில் கிடக்கும் ஆழமற்ற தரையில்) ஏறத்தாழ 70 விழுக்காடு, இன்றைய கடல் இட்டதல்ல, கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தின் எச்சப் படிவு என்று கணக்கிட்டார். மேற்குக் கடற்கரையில் மும்பைக்கு வெளியே உள்ள கண்டத்திட்டிலும் இதே கதைதான். ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் மட்டும் உருவாகும் சுண்ணாம்பு உருண்டைகள் அங்கே 60 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கின்றன. கரிமம்-14 முறையில் அவற்றின் வயதைக் கணித்தபோது சுமார் 9,000 முதல் 11,000 ஆண்டுகள் என்று வந்தது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல்நீரில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. கண்டத்திட்டின் பெரும்பகுதி அப்போது தரை. கேரளத்து ஆறுகள் அந்தத் தரையின் மேல் ஓடி, இன்றைய திட்டு விளிம்புக்குப் பக்கத்தில் கடலில் கலந்தன. அப்போது மணலைத் தடுக்கக் காயல் இல்லை. பின்னர் பனி உருகியது. கடல் ஒரே சீராக ஏறவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூறு ஆண்டுகளுக்குள்ளேயே ஏறத்தாழ 15 மீட்டர் ஏறியது; வேறு காலங்களில் தயங்கித் தயங்கி ஏறியது. 7,000, 6,000 ஆண்டுகளுக்கு முன்புதான் ஏறக்குறைய இன்றைய மட்டத்தில் அடங்கியது.

வேகமாக ஏறிய காலத்தில் ஆயிரம் ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 12 மில்லிமீட்டர். கேட்கச் சிறியது. ஆனால் கண்டத்திட்டு மிகத் தட்டையானது. ஆயிரம் மீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர் சரிவு என்று எடுத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் உயரும்போது கரை 12 மீட்டர் உள்ளே வருகிறது. ஒவ்வோர் ஆண்டும்! அறுபது வயது வாழ்ந்த ஒருவர் தன் ஆயுளில் முக்கால் கிலோமீட்டர் கரை மறைவதைப் பார்த்திருப்பார். அப்படி வரும் கடல் மணலை அப்படியே மூடிவிட்டு வருவதில்லை. அலை முதலில் கடற்கரையை அறுக்கும். மேட்டு மணலில் ஒரு பகுதியைக் காயல் பக்கம் எறியும். மீதியைத் தனக்குப் பின்னால் விரிப்பாக விட்டுவிட்டு மேலே ஏறும். கொல்லம் கடலில் 22 முதல் 45 மீட்டர் ஆழத்தில் இந்திய நிலவியல் ஆய்வகம் கண்டறிந்திருக்கும் மணல் அப்படி விடப்பட்டதுதான். கடல் அந்த மட்டத்தைக் கடந்தது ஏறத்தாழ பத்தாயிரம், ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் நான் சொல்லவில்லை. உலோகக் குழாயை அதிரவைத்துக் கடல்தரைக்குள் இறக்கி மண்ணைக் குலையாமல் எடுப்பார்கள். அப்படி எடுத்த குழாயொன்றை ஆய்வுக்கூட மேசையில் கிடத்தி நீளவாக்கில் அறுத்தோம். உச்சியில் ஒரு சாண் அளவுக்குப் பச்சை கலந்த சாம்பல் நிறச் சேறு. அதுதான் இன்றைய கடல் இட்டது. புழு துளைத்த தடங்கள்கூட அதில் புதிதாக இருந்தன. அதற்குக் கீழே, கத்தியால் கோடிட்டதுபோல், மணல் தொடங்கியது. பழுப்பு மணல். ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் படிகக்கல் மணிகளின் குழிகளிலெல்லாம் இரும்புத் துரு. கடலுக்கடியிலேயே காலமெல்லாம் கிடந்த மணலுக்கு இந்தத் துரு எளிதில் ஏறாது. வெயிலும் காற்றும் மழையும் பட்டுக் கிடந்திருக்க வேண்டும். நம் தேரிக்காட்டு மணலுக்குச் செந்நிறம் தருவதும் இதே இரும்புதான். மணலின் அடியில் நொறுங்கிய கிளிஞ்சல்களும் சிறு கற்களும் கலந்த ஒரு பட்டை. அதற்கும் கீழே, குழாயின் கடைசிப் பகுதியில், கருத்த களிமண். திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் அறையெங்கும் பரவியது. களிக்குள் மக்கிய மரத்துண்டுகள். கூடவே, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் செழிக்கும் சிப்பி, இரண்டு ஓடும் பிரியாமல், வாழ்ந்த நிலையிலேயே.

அதன் பொருள் இது. அடியில் இருந்தது ஒரு காயல். கிளிஞ்சல் பட்டை, அலை அந்தக் காயலை அறுத்த தழும்பு. மேலே கிடந்த மணல், காயலின் மேலேறிக் கரை நோக்கி நகர்ந்த கடற்கரை. உச்சிச் சேறு, அதன்பின் வந்த ஆழக் கடல். அஷ்டமுடிக்கும் அதன் முன்னுள்ள மணல்திட்டுக்கும் முன்னோர் அங்கே கடலுக்கடியில் கிடக்கிறார்கள். மணலுக்கு மேல் ஒன்பதாயிரம் ஆண்டுகளில் படிந்தது ஒரு சாண் சேறு. புதிய மணல் ஒரு விரற்கடை அளவுகூட இல்லை. அள்ள அள்ளக் குறையாது என்று சொல்பவர்கள் இந்த ஒரு சாணைப் பார்க்க வேண்டும்.

கடல் சற்றுத் தயங்கி நின்ற மட்டங்களில் இன்னொன்றும் நடந்தது. மணவாளக்குறிச்சிக் கரையில் ஆடி மாதத்து அலைக்குப் பிறகு நடந்தால், வெள்ளை மணல் போய்க் கருமணல் பட்டை பட்டையாக வெளிவந்திருக்கும். எடை குறைந்த மணியை அலை கொண்டுபோய்விடும்; இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் கனமானவை, கிடந்துவிடும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கயிற்று நாரில் ஒட்டிவந்த மணலிலிருந்து மோனசைட்டைக் கண்டறிந்தது இந்தப் பக்கத்தில்தான். கடல் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் அலை இதே வேலையைச் செய்திருக்கிறது. ஆகவே கடலுக்கடியிலும் கனிம மணல் கிடைக்கிறது. அதைத் தோண்ட நாளை யார் வருவார்கள் என்பது தனிக் கதை.

கடல்கொண்ட நிலம் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே குமரிக் கண்டம் பற்றிக் கேட்பார்கள். என் மாணவர்களும் ஆண்டுதோறும் கேட்டார்கள். குமரிக்குத் தெற்கே உள்ள கண்டத்திட்டு தரையாக இருந்தது உண்மை. பாக் நீரிணை மிக ஆழமற்றது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்ததும் உண்மை. அங்கே மனிதர் வாழ்ந்திருக்கவும் கூடும். ஆனால் திட்டு விளிம்பைத் தாண்டினால் தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அது எக்காலத்திலும் தரையாக இருந்ததில்லை. நிரூபிக்க முடிந்த கடல்கோளே இவ்வளவு பெரிதாக இருக்க, கண்டம் ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் கடலில் 13 பகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. மூன்று, கொல்லம் கடலில் கட்டுமான மணல். மூன்று, குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேறு. ஏழு, பெரிய நிக்கோபார்ப் பக்கத்தில் பல்லுலோக முடிச்சுகளும் (பல உலோகங்கள் சேர்ந்த கட்டிகள்) படலங்களும். கேரளக் கடல் முழுவதுமாக 74.5 கோடி டன் கட்டுமான மணல் இருப்பதாக நிலவியல் ஆய்வகம் மதிப்பிட்டிருக்கிறது. 2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கடற்கரையில் முழு அடைப்பு நடந்தது. மார்ச் மாதம் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. இது கேரளத்தின் விவகாரம் மட்டுமல்ல. நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் தொழில் செய்யும் விசைப்படகுகளில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தக் குமரிக் கடற்கரை ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். கொல்லம் பரப்பில் கணவாய் பட்டால் எங்கள் ஊரில் பள்ளிக் கட்டணம் கட்டுவார்கள்.

74.5 கோடி டன் என்றதும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அது வருமானம் அல்ல, முன்னோர் விட்டுப்போன நகை. விற்றால் விற்றதுதான். பள்ளம் நிரம்பும் என்கிறார்களே, நிரம்பும், சேற்றால் நிரம்பும். அந்த ஆழத்தில் பருவமழைக் கால அலை தரையைக் கலக்குமே தவிர, இல்லாத மணலைக் கொண்டுவந்து போடாது. மணல்தரை சேற்றுத்தரை ஆனால் அதில் வாழும் புழுவும் சிப்பியும் மாறும். அதைத் தின்னும் மீனும் மாறும். தூண்டில் குண்டில் ஒட்டிவந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தே இங்கே இந்த மீன், அங்கே அந்த மீன் என்று சொன்ன அப்பாவுக்கு இதைப் பாடமெடுக்க வேண்டியிருந்திருக்காது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போனதை நம் தலைமுறையே பார்த்துவிட்டது. பவளம் வளரக்கூடிய உயிர், அதுவே ஈடுகொடுக்கவில்லை.

கடலடி மணலைத் தொடவே கூடாது என்பவர்களோடும் நான் முழுதும் ஒத்துப்போகவில்லை. நெதர்லாந்து பல பத்தாண்டுகளாக வடகடலில் மணல் எடுத்து வருகிறது. அந்தக் கடலடியும் ஒருகாலத்தில் மனிதர் வேட்டையாடிய தரைதான். 1931-இல் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் மான் கொம்பால் செய்த ஈட்டிமுனையே சிக்கியது. அவர்கள் பொதுவாக 20 மீட்டர் ஆழக்கோட்டுக்கு வெளியேதான் எடுக்கிறார்கள். அந்த ஒரு கணக்கைப் பார்த்தால் கொல்லமும் தேறிவிடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் அந்த மணலை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். துறைமுகத்துக்கும் நிலம் நிரப்பவும் ஒரு பங்கு போகிறது, சரி. ஆனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.2 கோடி கன மீட்டர் மணலை அரிப்புக்குள்ளான தம் கரைக்கே திருப்பித் தருகிறார்கள். 2011-இல் தென் ஹாலந்துக் கரையில் ஒரே இடத்தில் 2 கோடி கன மீட்டருக்கு மேல் குவித்து, அதை அலையே கரையெங்கும் பரப்பட்டும் என்று விட்டார்கள்.

நம் கரையின் நிலை என்ன? 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாகச் சொல்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 40 விழுக்காட்டுக்கு மேல். கடல் மட்டம் மறுபடி ஏறுகிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு சராசரியாக 3.7 மில்லிமீட்டர். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது. கடல் ஏறும்போது கரையின் மேல்பகுதி மணலை அறுத்து முன்னால் உள்ள கடலடியில் பரப்பும் என்று டென்மார்க்கின் பெர் புரூன் 1962-இல் ஒரு கணக்குத் தந்தார். எல்லாக் கரைக்கும் அது அப்படியே பொருந்தாது என்றாலும், போக்கு அதுதான். முன்பு கரைக்குப் பின்னால் தென்னந்தோப்பும் வெறும் நிலமும் இருந்தன. கரை பின்வாங்க இடம் இருந்தது. இப்போது கரைக்குப் பின்னால் வீடு, சாலை, கோயில், குருசடி, பள்ளிவாசல். கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் எழும் பேரலை, பொங்கும் நாளில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் பல.

நாம் இதுவரை கொடுத்த மருந்து கல். கடற்சுவர் கட்டினோம், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு போட்டோம். ஒரு ஊரில் வளைவு போட்டால் மணல் அங்கே தங்கி, அடுத்த ஊர் கரை அறுந்துபோகிறது. அடுத்த ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்து தங்களுக்கும் ஒரு வளைவு வாங்குகிறார்கள். புதுச்சேரியில் மட்டும் வேறு வழி முயன்றார்கள். 1989 துறைமுகக் கட்டுமானத்துக்குப் பின் பறிபோன நகரக் கடற்கரையில், 2018-இல் நீருக்கடியில் ஓர் எஃகுத் தடுப்பை வைத்து மணலும் ஊட்டினார்கள். கரை திரும்பி வந்தது. அங்கே துறைமுகத்தில் தூர்வாரிய மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொல்லத்துக்கும் குமரிக்கும் நாளை ஊட்ட வேண்டி வந்தால் மணலுக்கு எங்கே போவது? ஆற்றில் இல்லை. காயலில் எடுத்தால் காயல் அழியும். மிச்சமிருப்பது கடலடியில் கிடக்கும் இந்தப் பழைய கடற்கரை ஒன்றுதான். அதை இன்று டன் கணக்கில் ஏலம் விட்டுக் கான்கிரீட்டில் போட்டுவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் கையில் கருங்கல்லைத் தவிர எதுவும் இருக்காது. வீடு கட்ட மணலுக்கு மாற்று உண்டு. பாறையை அரைத்த எம்-சாண்ட் இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதற்கும் மலைகள் விலை கொடுக்கின்றன என்பது எனக்குத் தெரியும். கடற்கரைக்கு எம்-சாண்ட் கொட்ட முடியாது.

ஆகவே ஏலம் கேட்பவர்களும் ஏலம் விடுபவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே தரவை வைத்துப் பேச வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை குழாய் மாதிரிகள் எடுக்கப்பட்டன, மணலின் தடிமன் எவ்வளவு, மேலே சேறு எவ்வளவு, கிளிஞ்சலின் வயது என்ன என்பதை மலையாளத்திலும் தமிழிலும் பொதுமக்கள் படிக்கும் வகையில் வெளியிடட்டும். பொதுப் பணத்தில் எடுத்த மண் அது. எதிர்காலக் கரைப் பாதுகாப்புக்கு எவ்வளவு தேவைப்படும் என்று இரு மாநிலங்களும் சேர்ந்து கணக்கிடட்டும். அதை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சம் இருந்தால் பேசலாம். பேசும்போது, அந்தப் பரப்பில் வலை இழுப்பவர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். எந்த இடத்தில் தரை மணல், எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறை) என்பது அவர்களுக்கு அளவைக் கப்பலைவிட நன்றாகத் தெரியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் வந்த 'குறையாத மணல்' என்ற கருத்தைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். இடம் இருந்தால், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கரையையும் இன்றைய கரையையும் ஒரே வரைபடத்தில் போட்டு, கொல்லத்து மூன்று ஏலப் பகுதிகளையும் அதில் குறித்துக் காட்டுங்கள். வரைந்து தர ஆள் இல்லையென்றால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியை,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.